சிரித்த முகத்தோடு மூழ்கச் சொன்னார்கள்

அந்தப் படத்தில் ஒரு வாத்து இருந்தது.

மஞ்சள் ரப்பர் வாத்து. நடுவில் ஓட்டை. ஓட்டைக்குள் இடுப்பை நுழைத்துக்கொண்டு, சோளக்கதிர் நார் நிறத்தில் முடி வைத்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, நீல நீச்சல் குளத்தில் மிதந்தபடி சிரித்துக்கொண்டிருந்தது. கரையில் கழுத்தில் விசில் மாட்டிய ஓர் ஆள். அவருக்குப் பின்னால் கோடு போட்ட பெரிய குடைகள்.

"இத அப்படியே இழுத்துக் குடுத்துடுங்க மேடம். வாத்த மட்டும் எடுத்துட்டு தாமரை போட்டுடலாம். வாத்து ஃபாரின் மாதிரி கீது" என்றார் தலைவர்.

எங்கள் குடியிருப்பின் நலச் சங்கத் தலைவர் அவர். எங்கள் ஊர் இயந்திரத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்துதான் ஓய்வு, மற்றவர்களை மேற்பார்வை பார்ப்பதிலிருந்து அல்ல.

சங்கக் கட்டடத்தில் மழை ஈரத்தின் வாடை. ஆடை படிந்த டீயில் நமத்த பிஸ்கட்டை முக்கியபடி செயலாளர், "தாமரைன்னா நம்ம கல்ச்சர்" என்று ஆமோதித்தார். முக்கியதில் பாதி டீக்குள் விழுந்துவிட்டது. அதை ஸ்பூனால் மீட்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட அக்கறையில் கொஞ்சம் போஸ்டருக்கும் கிடைத்திருக்கலாம்.

பிள்ளைகள் தண்ணீரில் மூழ்கிச் சாகாமல் இருக்க ஒரு போஸ்டர். அதற்காகத்தான் கூட்டம்.

நான் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் டிரேசர். பொறியாளர்கள் பென்சிலால் போட்ட படத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்து, கோட்டின் மேல் கோடாக மசியால் இழுப்பது என் வேலை. கை நடுங்கக் கூடாது. சொந்த யோசனை கூடவே கூடாது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். "நீங்க டிரேசர்தானே, டிசைன நாங்க பாத்துக்கறோம்" என்று தலைவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

என் மகள் கயல்விழி தண்ணீருக்குள் போய் உயிரோடு திரும்பிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அந்தப் போஸ்டருக்குக் காரணமே அவள்தான். ஆனால் அவள் எந்தத் தண்ணீரில் விழுந்தாள், எப்படி விழுந்தாள் என்று அந்த மேசையைச் சுற்றியிருந்த ஒருவரும் கேட்கவில்லை.

தலைவர் மட்டும் மறக்காமல் ஒன்று சொன்னார்: "பேர்லயே மீன வச்சிக்கினு நீச்சல் தெரியலயே மேடம் உங்க பொண்ணுக்கு!"

மேசை சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மரியாதைக்காகச் சிரிக்கும் பழக்கம் அப்போது எனக்கு இருந்தது.

குடத்தின் ஆழம்

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது என்று போன வாரம் இந்தப் பத்தியில் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். ஏன் இல்லை என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் வாத்திலிருந்து தொடங்கினேன்.

கோலார் தங்க வயலில் ஆறு கிடையாது. தண்ணீர் என்றால் எங்களுக்குக் குழாயடிதான். எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் எப்போது நிற்கும் என்றும் தெரியாது. பிளாஸ்டிக் குடங்கள் எங்களுக்கு முன்னால் போய் வரிசையில் நிற்கும், நாங்கள் பின்னால் போய்ச் சண்டை போடுவோம். எங்களுக்குத் தெரிந்த தண்ணீரின் ஆழம் ஒரு குடத்தின் ஆழம். இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் போய் 'நீச்சல் கற்றுக்கொள்' என்று சொல்வது, பல்லில்லாதவரிடம் முறுக்கு டப்பாவை நீட்டுவது மாதிரி.

தண்ணீருக்குப் பயந்த ஒரே மனிதராக நான் பார்த்தது என் அப்பாவைத்தான். அவர் சுரங்கத்துக்குள் பம்ப் பார்த்தவர். பூமிக்கு அடியில் ஊறிக்கொண்டே இருக்கும் தண்ணீரை இறைத்து மேலே அனுப்பும் வேலை.

ஷிஃப்ட் முடிந்து வந்து களி சாப்பிட உட்காரும்போது, சூடான உருண்டையின் நடுவில் விரலால் ஆழமாக ஒரு குழி போடுவார். "இது ஷாஃப்ட், கீழ எறங்கற குழி." பக்கவாட்டில் குத்துவார். "இது லெவல். இது அதுக்குக் கீழ் லெவல்." பிறகு குழியில் குழம்பை ஊற்றி, உருண்டையைப் பாதியாகப் பிளந்து காட்டுவார். மேலே நனையாத களி. உள்ளே எல்லா லெவலிலும் குழம்பு நிரம்பி நிற்கும். "மேலேர்ந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. வெட்டிப் பாத்தாத்தான் தெரியும் தண்ணி எங்க கீதுன்னு" என்பார். அம்மா, "சோத்துல இன்னா வேல" என்று திட்டுவாள்.

பிளந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று காட்டுகிற படத்தை வரைபடப் பிரிவில் செக்‌ஷன் என்பார்கள். மற்றவர்கள் டிப்ளமோவில் படித்துத் தெரிந்துகொண்டதை நான் களித் தட்டில் தெரிந்துகொண்டவள். இந்த ஊரில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான்.

வாயை மூடு

ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவை விட்டு எந்தப் பக்கம் வந்தாலும் அந்த மலைகள் தெரியும். மலையென்றால் மலையல்ல. பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய மாவு மண்ணைக் கொட்டிக் கொட்டிக் குவித்தவை. புல் முளைக்காது. வெயிலில் சாம்பல் நிறம், மழையில் ஈயப் பாத்திரத்தின் நிறம். தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு கலப்பார்கள் என்பதால் ஊர் அவற்றைச் சயனைடு மலை என்றே சொல்லும்.

காற்றுக் காலத்தில் அந்த மாவு கிளம்பி ஊர் முழுக்கப் படியும். காயப்போட்ட துணியில், அப்பளத்தில், பிள்ளைகளின் இமையில். ஆகவே எங்கள் ஊரில் பிள்ளை நடக்கத் தொடங்கியதும் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம், 'வாய மூடு.' காற்றடித்தால் வாய மூடு. மலைப் பக்கம் போனால் வாய மூடு. மலையடியில் மழைத் தண்ணீர் தேங்கினால், 'அது வெசத் தண்ணி, ஒரு சொட்டு உள்ள போனாலும் செத்துடுவ, வாயத் தொறக்கவே கூடாது.'

நானும் சொன்னேன். பக்கத்து வீட்டிலும் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சரும் சொன்னார். மலையடியில் மண்டை ஓடும் எலும்பும் வரைந்து ஒரு பலகைகூட இருந்தது: குடிக்காதே, அபாயம். குளிக்காதே என்று இல்லை. இறங்காதே என்று இல்லை. ஆழம் என்ற பேச்சே இல்லை.

அந்தத் தண்ணீரில் உண்மையாகவே எவ்வளவு விஷம் மிச்சம் இருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எவ்வளவு ஆழம் என்றும் தெரியாது. தெரியாத இரண்டில் ஒன்றுக்கு மட்டும் பயப்படுவது என்று ஒரு ஊரே சேர்ந்து முடிவெடுத்திருந்தது. படித்தவர்கள் நிறைந்த ஊர் வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை

தொண்ணூறுகளின் பின்பாதி. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு ஒவ்வொரு மழைக்காலத்திலும் தவளைச் சத்தம்போல எழுந்து அடங்கிக்கொண்டிருந்த வருடங்கள்.

மழை விட்ட ஒரு ஞாயிறு மதியம். நான் மறுநாளைக்கான பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கஞ்சி போட்ட துணி சூட்டில் வேகும் வாசனை இன்றும் எங்காவது வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

கயலும் பக்கத்து வீட்டுப் புனிதாவும் மலையில் சறுக்கப் போயிருந்தார்கள். அட்டைப் பெட்டியைப் பிரித்து அதன் மேல் உட்கார்ந்து மேலிருந்து கீழே சறுக்குவது. தடுத்தும் கேட்காத விளையாட்டு. இருவரும் ஐந்தாம் வகுப்பு.

சறுக்கி முடித்துக் காலில் ஒட்டிய சேற்றைக் கழுவ, அடிவாரத்துப் பள்ளத்தில் கயல் கால் வைத்திருக்கிறாள். அந்த மாவு மண் ஈரத்தில் சிமென்ட் தரை மாதிரி தெரியும். மிதித்தால் இளகும். கணுக்கால் அளவு, முழங்கால் அளவு, அப்புறம் ஒன்றுமே இல்லை. மழை அரித்த குழி செங்குத்தாக இறங்கியிருந்தது.

அவள் கத்தவில்லை.

கரையில் நின்ற புனிதா பிறகு அழுதுகொண்டே சொன்னாள்: "அவ கத்தலியே ஆன்ட்டி. தல மேல வந்துச்சு, உள்ள போச்சு, வந்துச்சு. வாய இறுக்கமா மூடிக்கினு இருந்தா. வெளயாட்டு காட்டுறான்னு நெனச்சேன். நான் சிரிச்சிக்கினு நின்னேன் ஆன்ட்டி."

மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கும் ரோஸி அக்கா, தைல மர விறகுக் கட்டோடு அந்த வழியாக வந்திருக்கிறார்.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கிற?"

"வெளயாடுறா ஆன்ட்டி."

ரோஸி அக்கா தண்ணீரைப் பார்த்திருக்கிறார். சுமையை அங்கேயே போட்டு, அதிலிருந்து நீளமான கழியை உருவி, கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கழியின் கவட்டையைக் கயலின் கவுனில் மாட்டி இழுத்திருக்கிறார். தண்ணீருக்குள் அவர் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் இரண்டு பேர் போயிருப்பார்கள்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நான் கேட்டபோது அவருக்கு என் மேல் கோபமே வந்தது.

"முடி மொத்தமும் மூஞ்சி மேல வழியுது. ஒதுக்கவே இல்ல. கண்ணுல முடி வுழுந்தா எந்தப் பொட்டப்புள்ளயாவது ஒதுக்காம இருக்குமா? நீயே சொல்லு!"

ஆஸ்பத்திரியில், வாந்தி எல்லாம் நின்று மூச்சு சீரான பிறகு, டாக்டர் கயலிடம் கேட்டார்: "ஏம்மா, ஒரு சத்தம் போட்டிருந்தா உன் ஃபிரெண்டு யாரையாவது கூப்பிட்டிருப்பா இல்ல? ஏன் கத்தல?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"வாயத் தொறந்தா வெசம் உள்ள போயிடும். அம்மா சொல்லிக்கிறாங்க."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார். "உள்ள போனத நான் பாத்துக்குவேன். மூச்சு நின்னு வந்தா நான் இன்னா பண்றது?" என்றார். அவளிடம் அல்ல, என்னிடம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சத்தம் குறைந்தது. கயல் குளிக்கும்போது பாடுகிறவள். பக்கெட்டைத் தட்டித் தாளம் போடுவாள். இப்போது குளியலறைக்குள் சொம்பு மோதும் சத்தம் மட்டும். எட்டிப் பார்த்தால், தலையில் தண்ணீர் ஊற்றும்போது உதடு வெளுக்கும் அளவுக்கு வாயை இறுக்கிக்கொண்டு நிற்பாள். என் கணவர் ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்து தாழ்ப்பாளைக் கழற்றினார்.

புனிதா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

மிதக்கிற பிள்ளை

அந்த வாத்துப் படத்தைத்தான் என்னிடம் கொடுத்து இழுக்கச் சொன்னார்கள்.

நான் இழுக்கவில்லை. வீட்டுக்கு வந்து டிரேசிங் தாளை விரித்து, பள்ளத்தைப் பிளந்து வரைந்தேன். மேலே மலை. அடியில் தண்ணீர். கரையோரம் கணுக்கால் ஆழம், உடனே செங்குத்தாக இறங்கும் குழி, அதன் அடிக்குக் கால் எட்டாத ஒரு பிள்ளை. தண்ணீருக்கு மேலே தெரிவது தலை மட்டும். முகம் முழுக்க முடி. கரையில் நின்று சிரிக்கும் இன்னொரு பிள்ளை. அதற்குப் பக்கத்தில், குப்புறப் படுத்துக் கழி நீட்டும் ஒரு பெண். கீழே எழுதினேன்: 'இங்கே இறங்காதே. கால் வழுக்கினால் உடனே கத்து. முடியை ஒதுக்காத பிள்ளை விளையாடவில்லை. நீ குதிக்காதே, பெரியவர்களைக் கூப்பிடு, கழியை நீட்டு.'

அடுத்த கூட்டத்தில் அதை மேசையில் விரித்தேன். தலைவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது? தண்ணிய கேக் மாதிரி வெட்டி வச்சிக்கிறீங்க?"

"செக்‌ஷன் சார். நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்குப் புரியும்."

"எனக்கே புரியல." இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு வேறு இல்லை என்கிற தோரணை.

செயலாளர் எட்டிப் பார்த்தார். "முடி ஏன் மூஞ்சில விழுந்து கீது? பேய் மாதிரி கீது. பிள்ளைங்க பயந்துக்கும்."

"பயப்படட்டும்னுதான் சார்."

"பின்னாடி டம்ப் மலை வேற போட்டுக்கிறீங்க. இப்ப இருக்கிற நெலமைல மைன்ஸ் ஆளுங்களுக்கும் நமக்கும் எதுக்கு வம்பு?"

"தண்ணி அங்கதானே சார் நிக்குது?"

"இது பிள்ளைங்க போஸ்டர் மேடம்" என்றார் தலைவர், ரொம்பப் பொறுமையோடு. "சிரிச்ச மொகமா இருக்கணும்."

"மூழ்கும்போதா சார்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மூழ்கற பிள்ளைய ஏன் போடறீங்க? மெதக்கற பிள்ளையப் போடுங்க."

மேசையைச் சுற்றித் தலைகள் ஆடின. இவ்வளவு எளிய தீர்வு எனக்குத் தோன்றவில்லையே என்று அவர்களுக்கு வருத்தம். தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் பிழைக்க வந்து, மூன்று மொழி பேசி, மண்ணைத் தோண்டும் பெரிய பெரிய இயந்திரங்களை உருவாக்கிய மனிதர்கள். அரை மில்லிமீட்டர் பிசகினால் வேலையைத் திருப்பி அனுப்புகிறவர்கள். பிள்ளை விழுந்த குழியை மட்டும் பார்க்க மாட்டேன் என்றார்கள்.

படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். "கை நல்ல கை. யோசனைதான் ஜாஸ்தி" என்று தலைவர் சொல்வது கதவைத் தாண்டியும் கேட்டது.

பிளேடு

அந்தத் தாளை அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவைத்தேன். கோபத்துக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

ஒரு மாலை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது கயல் அதன் முன்னால் வந்து நின்றாள். கழுத்தைச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த முகம் தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"வாய மூடி வரஞ்சிக்கிறியே" என்றாள்.

"அப்படித்தானே இருந்துச்சு?"

"எனக்கு அப்படி. இதுலயும் மூடி வச்சா, பாக்கற பசங்கெல்லாம் மூடிக்குவாங்க இல்ல?"

அத்தனை யோசித்துப் பிளந்து வரைந்த படத்தில், கை தன் பழக்கத்துக்கு, நடந்ததன் மேலேயே கோடு இழுத்திருந்தது. டிரேசர் கை.

மசியால் போட்ட கோட்டை ரப்பரால் அழிக்க முடியாது. ஷேவிங் பிளேடின் ஓரத்தால், தாள் கிழியாமல், மெல்லச் சுரண்ட வேண்டும். தாளைத் தரையில் விரித்து அந்த வாயைச் சுரண்டத் தொடங்கினேன். கறுப்புப் பொடி எழுந்தது. கயல் குனிந்து அதை ஊதினாள். வாயைத் திறந்து, காற்றை இழுத்து, ஊதினாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

"இப்ப பெருசா போடு."

போட்டேன்.

"இன்னும் பெருசா. நாக்கு தெரியணும்."

முகத்தில் பாதி வாயாகிவிட்டது. பொறியாளர் யாராவது பார்த்திருந்தால் அளவு தப்பு என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

மறுநாள் வரைபடப் பிரிவில், அச்செடுக்கும் இயந்திரத்தில் அதைச் செருகினேன். அமோனியா நெடியில் கண் எரிய, நீலக் கோடுகளாகப் பிரதிகள் வந்து விழுந்தன. எங்கள் தலைமை வரைவாளர் பார்த்தார். "எந்த மிஷினோட பார்ட் இது?" என்று கேட்டுவிட்டு, தெரிந்தும் தெரியாததுபோல, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அந்தக் கட்டடத்தில் அன்று எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது.

விழா

சங்கத்தின் போஸ்டரை ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பெயிண்டர் வரைந்து, அச்சாகியும் வந்துவிட்டது. விழா வைத்தார்கள். வாழைமரம், மைக், கேசரிபாத்.

திரை விலகியது. ஏழெட்டுத் தாமரைகளுக்கு நடுவில், ரோஸ் நிறத்தில் ஒரு பிள்ளை, தண்ணீரில் மார்பளவு நின்று சிரித்துக்கொண்டிருந்தது. 'நீரோடு நட்பு கொள், நிதானத்தை நெஞ்சில் கொள்' என்று தலைவர் எழுதிய இரண்டு வரி. மேல் மூலையில் தலைவரின் புகைப்படம், அந்தப் பிள்ளையின் தலையைவிடப் பெரிதாக. அந்தப் படத்தைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் உடனே தண்ணீரில் இறங்கத் தோன்றியிருக்கும்.

குழந்தையைக் காப்பாற்றிய பெருமை சங்கத்தைச் சேரும் என்று செயலாளர் பேசினார். கடைசி வரிசைக்குப் பின்னால், உட்கார நாற்காலி கிடைக்காமல் நின்றிருந்த ரோஸி அக்கா, கேசரிபாத்தை வாயில் போட்டபடி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சிறப்பு விருந்தினர் யாரோ ஒரு அதிகாரி. கன்னடம் கலந்த தமிழில் அன்பாகப் பேசினார். பிறகு மைக்கை முன்வரிசைப் பிள்ளைகள் பக்கம் நீட்டிக் கேட்டார்:

"மக்களே, நீங்க தண்ணில விழுந்துட்டா மொதல்ல என்ன செய்யணும்?"

நான் இருக்கையின் நுனிக்கு வந்தேன்.

அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில், பள்ளிக்கூட ராகத்தில் இழுத்துச் சொன்னார்கள்:

"வாய... மூடிக்கணும்... சார்!"

"ஷபாஷ்!" என்றார் அதிகாரி. தலைவர் கைதட்டினார். செயலாளர் கைதட்டினார். மண்டபமே கைதட்டியது. தாங்கள் எதற்குக் கைதட்டுகிறோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த முன்வரிசை முழுவதும், வாயை மூடிக்கொண்டு, ஒவ்வொருவராகத் தண்ணீருக்குள் இறங்குவது எனக்குத் தெரிந்தது.

அப்போது அந்த வரிசையின் ஓரத்தில் கயல் எழுந்து நின்றாள்.

வாயைத் திறந்தாள். நாக்கு தெரியும்படி. கத்தினாள்.

வார்த்தை எதுவும் இல்லை. வெறும் கத்தல். மைக் அதை வாங்கி ஒலிபெருக்கி வழியாக வெளியே அனுப்பியது. அதிகாரி கையிலிருந்த டம்ளர் விழுந்தது. ஒரு கைக்குழந்தை வீறிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை, இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நின்ற எனக்குக் கேட்டிருக்க வேண்டிய சத்தம்.

மூச்சு தீர்ந்ததும் நிறுத்தினாள். "இப்படித்தான் சார் கத்தணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"பொண்ண அடக்கி வைக்கத் தெரியாதா மேடம் உங்களுக்கு?" தலைவரின் குரல் மைக்கில் வந்தது.

இந்த முறை நான் மரியாதைக்குச் சிரிக்கவில்லை.

தெரு

விழா பாதியில் கலைந்தது. வெளியே வந்த பிள்ளைகளுக்குக் கேசரிபாத்தைவிட அந்தக் கத்தல் பிடித்துவிட்டது. ஒருத்தி கத்தினாள், மற்றவள் அதைவிடப் பெரிதாகக் கத்தினாள். காற்றுக் காலம் முழுக்க வாயை மூடிக்கொண்டு வளர்ந்த கும்பல், எங்கள் தெரு முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நடந்தது. நாய்கள் சேர்ந்துகொண்டன.

வீட்டு வீட்டுக்குக் கதவு திறந்தது. மாவுக் கையோடு ஒருவர், சவரம் பாதியில் ஒருவர், ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவர் லுங்கியைக் கட்டிக்கொண்டே. "இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா ஆச்சு?" கத்தினால் ஆட்கள் வருவார்கள் என்பதை அந்தப் பிள்ளைகள் அன்றுதான் கண்ணால் பார்த்தார்கள்.

தலைவர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். "இன்னா மேடம் கலாட்டா இது?"

"போஸ்டர் சார்" என்றேன்.

அச்செடுத்த என் நீலத் தாள்களை ரோஸி அக்கா வாங்கிப்போய், பசை காய்ச்சி, மலையடிப் பலகையிலும் லைன் வீட்டுக் குழாயடியிலும் ஒட்டினார். அமோனியா அச்சு வெயில் தாங்காது. கோடை வருவதற்குள் முடி வெளுத்தது, மலை வெளுத்தது. கடைசியில் அந்தப் பெரிய வாய் மட்டும் கொஞ்ச நாள் தெரிந்தது. சங்கத்தின் தாமரை நல்ல ஆஃப்செட் அச்சு. சுரங்கத்தை மூடிய பிறகும் அது சங்கக் கட்டடத்தில் பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தது.

கயல் இப்போது பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருகிறாள். குளிக்கும்போது பாடுகிறாள், மோசமாக. பாட்டு நடுவில் நின்றால் நான் இன்னும் கதவருகே போய் நிற்கிறேன். தாழ்ப்பாளைத் திரும்பப் போட யாரும் பேச்செடுக்கவில்லை.

அன்று தெருவில் கத்தல் ஒவ்வொன்றாக அடங்கியது. பிள்ளைகள் சிரித்துக் களைத்து வீடுகளுக்குப் போனார்கள். ஒருத்தி மட்டும் நிறுத்தவில்லை. தன் வீட்டு வாசலில் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தாள்.

புனிதா.

கயல் என் கையை உதறிவிட்டுப் போய் அவள் முன்னால் நின்றாள். வியர்வையில் நனைந்து முகத்தில் ஒட்டியிருந்த அவள் முடியை விரலால் ஒதுக்கினாள்.

"கேட்டுச்சுடி," என்றாள். "போதும், வா."